டேலி ஆகாத டயர்

பி.காம். படித்தவன் கையில் ஜீப்பைக் கொடுக்கலாம். அல்லது, ஜீப்புக்கு டயர் வாங்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே பி.காமிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஏற்காட்டில் ஒரு வளைவில் இருக்கும் தடுப்புச் சுவர் சாட்சி. ஒரு சாண் இடைவெளியில் தப்பித்தது சுவர். நாங்களும்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நாகலூர் போகிற பக்கத்தில் என் பெரியப்பாவுக்குப் பன்னிரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். 'எஸ்டேட்' என்று சொல்லிவிட்டால் கோபம் வந்துவிடும். "எஸ்டேட்டுன்னா வெள்ளைக்காரன் வெச்சிருந்தது. இது தோட்டம்டா!" என்பார். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது சரித்திரம். செடியை வைத்தவர், தன் தோட்டத்துக்கு ரோடு போடாமல் போய்விட்டார் என்பது பெரியப்பாவின் தனிப்பட்ட புகார். தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மண் பாதை. வெயில் காலத்தில் அது பாதை. மழைக் காலத்தில் களி உருண்டை.

அந்தக் களியைக் கடப்பதற்காகவே 1979-ல் பெரியப்பா ஒரு ஜீப் வாங்கினார். மஹிந்திரா. தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற உயரமான பானெட்டோடு பழைய சினிமாவில் போலீஸ் வந்து இறங்குமே, அந்த ஜாதி. விலை 40,000 ரூபாய். பெட்ரோல் எஞ்சினோடு பிறந்து, நடுவயதில் மாற்று இதய ஆபரேஷன் ஆகி, இப்போது டீசலில் உயிர் வாழ்கிறது. கதவு கிடையாது. வைப்பர் டிரைவர் பக்கம் மட்டும் வேலை செய்யும், அதுவும் ஏற்றத்தில் செய்யாது. ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும்.

சென்னையில் இருக்கும் என் அண்ணன், அதாவது பெரியப்பா பையன், ஒருநாள் போன் பண்ணினான். "நீதான் கணக்கு படிச்சவன். அப்பாகிட்ட பேசி அந்த ஜீப்பை வித்துரச் சொல்லு. நான் சொன்னா கேக்கமாட்டார்."

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம், 45 வருஷம். ஜீப்பின் புத்தக மதிப்பு 26 ரூபாய் 66 காசு வந்தது. இரண்டு டீ குடிக்கலாம், வடை கிடையாது. இதை அழகாக டைப் செய்து எடுத்துக்கொண்டு 2024 நவம்பர் 30-ம் தேதி சனிக்கிழமை மத்தியானம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போய்ச் சேர்ந்தேன்.

பெரியப்பா காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"டயர் ரெண்டுதான் வந்துச்சு" என்றார்.

இங்கே ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். அக்டோபரிலேயே அவர் போன் செய்து, "டேய் கண்ணு, ஜீப்புக்கு நாலு டயரும் மொட்டை. மழைக்கு முந்தி மாத்தணும். சேலத்துல என்.டி.எம்.எஸ். டயர் நாலு வாங்கி அனுப்பு" என்று சொல்லியிருந்தார். என்.டி.எம்.எஸ். என்பது கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த சேற்று டயர். மிலிட்டரி ஜீப்பில் பார்த்திருப்பீர்கள்.

கடையில் விலை கேட்டேன். ஒன்று ஐயாயிரத்துச் சொச்சம். உடனே எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த காஸ்ட் அக்கவுண்டன்சி எழுந்து உட்கார்ந்தது. நாலும் ஒரே நேரத்தில் எதற்கு? இந்த வருஷம் ரெண்டு, அடுத்த வருஷம் ரெண்டு. செலவு பாதி, வேலை முழுசு!

"ஃபோர் வீல் டிரைவா சார்? அப்ப நாலையும் சேத்து மாத்திடுங்க" என்றார் கடைக்காரர்.

இந்த வியாபாரத் தந்திரமெல்லாம் ஒரு பி.காமிடமா? மனசுக்குள் சிரித்துக்கொண்டு இரண்டு மட்டும் வாங்கி அனுப்பினேன். பெரியப்பா அவற்றைப் பின்னால் மாட்டினார். முன்னால் மொட்டை, பின்னால் புதுசு. பார்ப்பதற்கு, தலை வழுக்கையான ஒருவர் பின்னால் குடுமி வைத்த மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கடலோரத்தில் கடந்த புயலுக்கு மலையில் என்ன வேலை என்று கேட்கக்கூடாது. ஞாயிறும் திங்களும் ஏற்காட்டில் பெய்தது மழையல்ல, பழைய பாக்கி வசூல். மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து சேலம் போக்குவரத்து நின்றது. கரண்ட் போனது. என் செல்போன் செத்தது. நான் கொண்டுபோன ஒரு செட் மாற்றுத் துணியும் ஈரமாகி, பெரியப்பாவின் வேட்டியில் திரிந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை மழை விட்டது. வெளியே வந்து பார்த்தால் பாதையைக் காணோம். மேட்டிலிருந்து இறங்கிய சேறு, சில இடத்தில் முழங்கால் அளவு, சில இடத்தில் கணுக்கால் அளவு, ஒன்றரைக் கிலோமீட்டரையும் மூடியிருந்தது. மலையில் இருந்த ஜே.சி.பி.க்கெல்லாம் மெயின் ரோட்டில் வேலை.

"ரெண்டு நாள் பொறுத்தா ஜே.சி.பி. வந்துரும்" என்றேன்.

பெரியப்பா பதில் சொல்லாமல் லயன் வீடுகள் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே மேஸ்திரியின் மனைவி, நான் 'அக்கா' என்று கூப்பிடுகிறவர், திண்ணையில் இரண்டு கையையும் ஊன்றி, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார். வீசிங். இரண்டு நாளாக. மூச்சு இழுக்கிற சத்தம் முற்றத்துக்குக் கேட்டது. கையில் இருந்த பம்ப் மருந்து முந்தின நாளே தீர்ந்துவிட்டது. 108-க்குச் சொல்வதென்றாலும் செல்போனில் உயிர் இல்லை. அப்படியே வந்தாலும் தார் ரோட்டில்தான் நிற்கும். அந்தச் சேற்றில் ஒன்றரைக் கிலோமீட்டர் அவரை நடத்தவும் முடியாது. கட்டிலில் தூக்கலாம் என்றால் தூக்குகிறவர்கள் வழுக்கினால் எல்லோரும் பள்ளத்தில்.

"ஜீப்பை வெச்சுத் தள்ளிப் பாக்கலாம்" என்றார் பெரியப்பா.

ஜீப்பால் சேற்றைத் தள்ளுவது பைத்தியக்கார யோசனை அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல், போருக்கு ஜீப் செய்து கொடுத்த வில்லிஸ் கம்பெனி, இனி இதை யார் வாங்குவார்கள் என்று யோசித்து அமெரிக்க விவசாயிகளிடம் போனது. கலப்பை கட்டலாம், ரம்பம் ஓட்டலாம், மூட்டை ஏற்றலாம் என்று விற்றது. குளிர் ஊர்களில் அதே ஜீப்பின் மூக்கில் இரும்புத் தகட்டை மாட்டி வாசலில் விழுந்த பனியைத் தள்ளினார்கள். இன்றைக்கும் பழைய ஜீப்பை அதற்காகவே வைத்திருக்கிறவர்கள் அங்கே உண்டு. அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான் 1947-லிருந்து மஹிந்திரா நம் ஊரில் பூட்ட ஆரம்பித்தது. ஆக, பெரியப்பாவின் 26 ரூபாய் ஜீப்புக்குப் பரம்பரைத் தொழில்தான்.

ஆனால் ஏற்காட்டில் பனித் தகடு எங்கே கிடைக்கும்? பனி என்றால் நமக்கு மார்கழியில் மப்ளர் கட்டுகிற சமாசாரம்தானே?

அப்போதுதான் மிலிட்டரி மாமா வந்தார். பக்கத்துத் தோட்டம். ராணுவத்தில் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். காஷ்மீரில் ஜோஜி லா கணவாய் வழியாக லாரி ஓட்டியவர். 11,500 அடி உயரம். ஒவ்வொரு வருஷமும் எல்லைச் சாலை நிறுவனத்துக்காரர்கள் புல்டோசரும் பனி வெட்டும் இயந்திரமும் வைத்து அங்கே பனியை வெட்டிப் பாதை திறப்பார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அந்தக் கதையை வாரத்துக்கு ஒருமுறை சொல்வார், யாரும் கேட்பதில்லை. இன்றைக்குத்தான் அவருக்கு முழு ஆடியன்ஸ்!

காலி டீசல் பீப்பாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்தார்கள். பாதி பீப்பாய் வளைவாக இருக்கிறதல்லவா, அதுதான் தகடு. பின்னால் ஆங்கிள் இரும்பு கொடுத்து, ஜீப்பின் பம்பரில் நாலு போல்ட்டில் மாட்டினார்கள். அதை மாமா திரும்பியும் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைப் பார்த்தார்.

"தகடு என்ன தம்பி தகடு, தென்னை மட்டையக் கட்டுனாக்கூடத் தள்ளும். தள்ளுறது டயருதான். டயரு வழுக்குச்சுன்னா தகடு சும்மா மீசை மாதிரி."

பிறகு அரை மணி நேரம் நடந்தது ஒரு வகுப்பு. சாராம்சம் தருகிறேன், யாருக்காவது உபயோகப்படும்.

பாடம் ஒன்று: ஒல்லி டயர்தான் உத்தமம். நானோ, வீடியோக்களில் பார்த்துவிட்டு, ஜீப் என்றால் மத்தளம் மாதிரி அகலமான டயர் போட வேண்டும் என்ற கட்சி. மாமா சிரித்தார். "ராஜஸ்தான் மணல்ல அகலம் நல்லது, மேலாப்புல மிதக்கும். பனியிலயும் இந்த மாதிரி சேத்துலயும் மிதந்தா எப்புடித் தள்ளுவ? ஒல்லி டயரு கீழ இறங்கி கெட்டித் தரையப் புடிச்சுக்கும்." ஜீப்பின் டயர் ஆறு அங்குல அகலம். அந்தக் காலத்து ஆசாமிகள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

பாடம் இரண்டு: பட்டன். தகடு வைத்துத் தள்ளும்போது பாதி வேலை முன்னால், பாதி வேலை பின்னால். ஒரு முட்டு முட்டிவிட்டு ரிவர்ஸ் வர வேண்டும். டிராக்டர் டயரின் அம்புக்குறி மாதிரிப் பட்டன், முன்னால் போக ஜோர். ரிவர்ஸில் அந்தப் பிடி இருக்காது. என்.டி.எம்.எஸ். பட்டனுக்கு முன்னும் ஒன்றுதான், பின்னும் ஒன்றுதான். ஆபீஸில் சிலர் இருப்பார்களே, எந்த மேனேஜர் வந்தாலும் ஒரே மாதிரி வேலை செய்கிறவர்கள். அந்த ரகம்.

பாடம் மூன்று: காற்று. வழக்கமாக 28 பவுண்டு வைப்பார் பெரியப்பா. மாமா 20-க்கு இறக்கினார். டயர் கொஞ்சம் உட்கார்ந்து, தரையை அகலமாகக் கவ்வாமல் நீளமாகக் கவ்வும். அதற்காக ரொம்ப இறக்கினால், டியூப் டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிடுங்கிக்கொள்ளும். "வேலை முடிஞ்சதும் திருப்பி ஏத்திரணும். மறந்துறாத."

பாடம் நான்கு: எடை. மூக்கில் பீப்பாயைத் தொங்கவிட்டால் ஜீப்பின் பின்பக்கம் லேசாகிவிடும். எனவே பின் அச்சுக்கு மேலே நாலு காப்பிச் சாக்கில் மணல் நிரப்பி, உருளாமல் கயிறு போட்டுக் கட்டினார்.

"சங்கிலி வேண்டாமா மாமா?" என்று கேட்டேன். ஜோஜி லாவில் டயருக்குச் சங்கிலி சுற்றி ஓட்டிய கதையும் கேட்டிருக்கிறேன்.

"இருந்தா நாலுக்கும் போடலாம். இல்லாததுக்கு எங்க போறது? அங்க கண்ணாடி மாதிரி ஐஸு. இங்க அடியில தரை இருக்கு."

அப்புறம் ஒரு கசப்பான உண்மையையும் சொன்னார். நாலு சக்கர டிரைவ் என்று பெயரே தவிர, பழைய ஜீப்பில் வழுக்கும் இடத்தில் வேலை செய்வது இரண்டுதானாம். முன்னால் எது சுலபமாகச் சுற்றுகிறதோ அது ஒன்று, பின்னால் ஒன்று. மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். நாலு பேர் இருக்கும் செக்‌ஷனில் இரண்டு பேர் வேலை செய்வது நமக்குப் புதுசா என்ன?

கடைசியாக மொட்டை டயரையும் புது டயரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் நாலும் மாத்தல?" என்றார். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தேன்.

"சேத்துல ஒண்ணும் ஆவாது. தார் ரோட்டுல ஏறுன உடனே முன் சக்கர லிவரை எடுத்துருங்க. உடனே!" என்றார் மாமா.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம். ஸ்டியரிங்கில் பெரியப்பா. லோ கியரில், மனுஷன் நடக்கிற வேகத்தில், ஜீப் உறுமிக்கொண்டு சேற்றில் இறங்கியது. இரண்டு ஜீப் நீளம் தள்ளுவார். சேறு தகட்டின் வளைவில் சுருண்டு ஓரமாகக் கால்வாய் பக்கம் சரியும். ரிவர்ஸ். மறுபடியும் தள்ளு. மாட்டிக்கொண்ட இடத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு இறங்கினோம். நான் அள்ளியதைவிட என் மேல் அப்பிக்கொண்டது அதிகம். மூன்றரை மணிக்குத் தார் ரோடு தெரிந்தபோது எல்லோரும் கத்தினோம். புது தேசம் கண்டுபிடித்த கொலம்பஸ்கூட அப்படிக் கத்தியிருக்கமாட்டார்.

பெரியப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. நாலரை மணி நேரம் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்ததில் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "நீ ஓட்டு" என்று சாவியைக் கொடுத்தார். தகட்டைக் கழற்றினோம். அக்காவைப் பின்னால் ஏற்றி, மேஸ்திரி தோளில் சாய்த்துக்கொண்டார். ஏற்காடு அரசு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

தார் ரோட்டில் ஏறினேன். பின்னால் அந்த மூச்சுச் சத்தம். வேறெதுவும் மண்டையில் ஓடவில்லை. நூறு மீட்டர் போனபிறகுதான் லிவர் ஞாபகம் வந்தது. லோவிலிருந்து ஹைக்கு மாற்றினேன், மாறியது. முன் சக்கர லிவரை இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். கான்கிரீட்டில் நட்ட மாதிரி நின்றது.

இங்கேதான் என் படிப்பு பேசியது. 'இருந்துவிட்டுப் போகட்டுமே. இரண்டு சக்கரத்துக்கு நாலு சக்கரம் இன்னும் பாதுகாப்புதானே?'

கொஞ்ச தூரத்தில் ஸ்டியரிங் கனக்க ஆரம்பித்தது. அடுத்து ஒரு இறக்கம். இறக்கத்தில் இடதுபக்க வளைவு. பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை ஒடித்தேன். முன் சக்கரங்கள் இடதுபக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. ஜீப் திரும்பவில்லை. திரும்பிய சக்கரங்களோடு, நேராக, ஈரத் தாரில் வழுக்கிக்கொண்டு போனது. எதிரே முழங்கால் உயரத் தடுப்புச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் வெறும் மூடுபனி.

யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ராத்திரியில் ஞாபகம் வருகிறது. பின்னாலிருந்து அக்காவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

ஜீப் நின்றது. பம்பருக்கும் சுவருக்கும் ஒரு சாண்.

என் கை ஸ்டியரிங்கை விட மறுத்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. மேஸ்திரி மெதுவாக என் தோளைத் தொட்டார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. முப்பது வருஷமாக அந்த ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்.

"சின்னவரே... குச்சி சிக்கிக்கிச்சின்னா பெரியவரு நேரா பின்னால பத்தடி எடுப்பாரு. அப்ப வந்துரும்."

ஸ்டியரிங்கை நேராக்கி ரிவர்ஸ் எடுத்தேன். பத்தடிகூட இல்லை. அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். லிவரைத் தொட்டேன். வெண்ணெயில் வைத்த கரண்டி மாதிரி வந்தது. முறுக்கேறிய ஊஞ்சல் கயிறு தானாகச் சுழன்று விட்டுக்கொடுக்குமே, அப்படி அந்த ஜீப்பின் உடம்பு முழுக்க இருந்த இறுக்கம் போனது. மிச்ச தூரத்தை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஆக்ஸிஜனும் மாஸ்க் வழியாகப் புகை மருந்தும் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர் முதலில் கேட்டது, "கோழியெல்லாம் அடைச்சாங்களா?" வாசலில் நின்றுகொண்டிருந்த மேஸ்திரி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நான் வாயைத் திறக்கும் முன்பே மிலிட்டரி மாமாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. மலையில் மூடுபனியைவிட வேகமாகப் பரவும் சமாசாரங்கள் உண்டு. என்னைத் திட்டவில்லை. கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார்.

"பின் டயர்ல ஒரு கோடு போடு. நேரா கீழ தரையிலயும் ஒரு கோடு போடு. வண்டியத் தள்ளுங்க. டயர் கோடு ஒரு சுத்து சுத்தி மறுபடி தரைக்கு வந்ததும் அங்க ஒரு கோடு. இப்ப அள."

பின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஏழரை அடி போனது. முன் மொட்டை டயர் அதைவிட இரண்டு அங்குலம் குறைவு.

இரண்டு அங்குலம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். இனி பி.காம். வேலை. ஒரு கிலோமீட்டருக்கு டயர் சுமார் 437 சுற்று. சுற்றுக்கு இரண்டு அங்குலம் என்றால், கிலோமீட்டருக்கு 22 மீட்டர்! லிவரைப் போட்டுவிட்டால் இந்தப் பழைய ஜீப்பில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றும். பின் டயர் சொல்கிறது, நான் 1,000 மீட்டர் வந்துவிட்டேன் என்று. முன் டயர் சொல்கிறது, என் கணக்குப்படி 978தான் என்று. இரண்டும் ஒரே ஜீப்பில் இருக்கின்றன. மீதி 22 மீட்டர் எங்கே போகும்?

சேற்றில் பிரச்னை இல்லை. ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தை அவ்வப்போது ரைட்-ஆஃப் செய்துவிடும். பனியிலும் அப்படித்தான். தார் ரோட்டில் சுலபமாக வழுக்காது. அந்த 22 மீட்டரும் கியருக்குள்ளும் ஷாஃப்ட்டுக்குள்ளும் முறுக்காக ஏறி உட்கார்ந்துகொள்ளும். அக்கவுண்டன்சியில் இதற்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர். டேலி ஆகாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். லிவர் வராததற்குக் காரணம் அந்த சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான். ரிவர்ஸ் எடுத்தபோது எதிர்ப்பதிவு விழுந்தது, முறுக்கு அவிழ்ந்தது.

வளைவு இன்னும் மோசம். எந்த வண்டியும் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் போக வேண்டும். என் ஜீப்பிலோ முன் டயர் சின்னது, குறைந்த தூரம்தான் போகும். ஏற்கெனவே பற்றாக்குறை, அதில் கூடுதல் செலவு. பின்னாலிருந்து பெரிய டயர்கள் தள்ள, முன்னால் மொட்டை டயர்கள் பிடிமானம் இல்லாமல் நேராக வழுக்கின. காற்றை மறுபடி ஏற்றவில்லை. தகட்டைக் கழற்றியவன் மணல் மூட்டையை இறக்கவில்லை. அது பின்னால் அழுத்திக்கொண்டிருந்தது. மாமா அவ்வளவு பொறுமையாகப் பனிக்கும் சேற்றுக்கும் சரிசெய்து கொடுத்த எல்லாவற்றையும் நான் அப்படியே தார் ரோட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

பெரியப்பா இருபத்தெட்டுப் பவுண்டு, லிவர், மெதுவேகம் என்று அக்டோபரிலிருந்து சமாளித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளை வாங்கி அனுப்பியது இரண்டு என்றால், இரண்டோடு ஓட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் மிச்சப்படுத்தியது பத்தாயிரத்துச் சொச்சம். அந்தச் சுவர் ஒரு சாண் இந்தப் பக்கம் இருந்திருந்தால் எதில் எழுதியிருப்பேன் அந்தக் கணக்கை?

ரோடு திறந்ததும் சேலம் இறங்கி, நேராக அதே டயர் கடைக்குப் போனேன். "இன்னும் ரெண்டு" என்றேன். என் வேட்டியில் காய்ந்திருந்த சேற்றைக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். நல்ல மனுஷன், ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறை என் பணம். மாட்டிய பிறகு சாக்பீஸ் வைத்து நாலையும் அளந்தேன். நூலளவுதான் வித்தியாசம். டேலி!

சென்னையிலிருந்து அண்ணன் போன் செய்தான். "என்னடா, ஜீப்பை விக்கச் சொன்னியா? அப்பா என்ன சொன்னார்?"

"விலை ஏறிப்போச்சுண்ணே" என்றேன்.

மேஸ்திரி வீட்டிலிருந்து ஒரு கிலோ காப்பிக் கொட்டை வந்தது. காகிதத்தில் பொட்டலம் கட்டியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால், என் டைப் செய்த தேய்மானக் கணக்கு! 26 ரூபாய் 66 காசுக்கு மேலே பெரியப்பா பேனாவால் ஒரு கோடு அடித்திருந்தார்.

போன வாரம் பெரியப்பாவே போன் செய்தார்.

"கண்ணு, ஜீப்புக்கு மொத்தம் எத்தனை டயர்?"

"நாலு பெரியப்பா. நாலும் புதுசு. நாலும் ஒரே அளவு. அளந்தாச்சு" என்றேன் பெருமையாக.

"பின்னாடி தொங்குதே ஸ்டெப்னி, அதை உங்க காலேஜுல எதுல சேப்பாங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் வைத்துவிட்டார்.

ஸ்டெப்னி இன்னும் மொட்டை. பஞ்சர் ஆன அன்றைக்கு மறுபடியும் அதே இரண்டு அங்குலம். இந்தக் கட்டுரைக்குச் சன்மானம் வந்ததும் டயர் கடைக்குப் போக வேண்டும். ஆசிரியர் கவனிக்க!